ஆடு தின்னாத செடி

கமலாதேவி ரீச்சரின் கண்ணில் வண்ணத்துப்பூச்சியைக் காட்டக்கூடாது. விவசாயம் படிப்பிக்கிறவர் இப்படி இருக்கலாமா என்று கேட்காதீர்கள். மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகள் செய்யும் உதவியை வருடா வருடம் கலர் சோக்கால் கரும்பலகையில் கீறி விளக்குகிறவர்தான். ஆனால் இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு அவருக்கு அந்த வியாதி பிடித்தது. பள்ளிக்கூட வளவுக்குள் ஏதாவது ஒன்று சிறகடித்துப் போனால் போதும், அடிவயிற்றிலிருந்து ஒரு புகைச்சல் கிளம்பிவிடும். பூச்சி என்ன செய்தது, பாவம். புகைச்சல் பூச்சியில் இல்லை, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்த ஆளில்.

அந்த ஆள் துஷாந்தினி. விஞ்ஞானம் படிப்பிக்கப் புதிதாக வந்தவள், முதல் நியமனம். மானிப்பாயிலிருந்து வெள்ளெனவே பஸ் ஏறி, பண்ணைப் பாலத்துக் காற்றில் அடிபட்டு வேலணையில் வந்து இறங்கும்போதும் ஒரு மயிர் கலைந்திருக்காது. அதுவே கமலாதேவிக்குப் பிடிக்கவில்லை. வந்து கொஞ்ச நாளிலேயே பள்ளிக்கூடத்தைத் தலைகீழாக்கிவிட்டாள். நாடு முழுக்கப் பள்ளிக்கூட வளவுகளில் வண்ணத்துப்பூச்சி எண்ணுகிறார்களாம். பிள்ளைகளே பார்த்து, எண்ணி, போனில் படமெடுத்து அனுப்பவேண்டுமாம். எந்தப் பூச்சி எங்கே குறைகிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். தீவுப் பக்கத்திலிருந்து இன்னும் ஒரு பள்ளிக்கூடமும் சேரவில்லை என்று துஷாந்தினி அதிபரிடம் போய் நின்றாள். அதிபர் பரராசசிங்கம் சேர், செலவில்லாத எந்தத் திட்டத்துக்கும் தலையாட்டுகிறவர். இதற்கும் ஆட்டிவிட்டார்.

அதோடு போயிற்று கமலாதேவியின் புதன்கிழமை. முந்தியெல்லாம் புதன்கிழமை இடைவேளைக்குப் பிறகு பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அவருடைய தோட்டத்தில்தான் நிற்பார்கள். கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், மிளகாய்க்கு மண் அணைப்பார்கள், வெண்டியில் புழு பிடித்து உப்புத் தண்ணீரில் போடுவார்கள். வலய மட்டத் தோட்டப் போட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த கேடயங்கள் அதிபரின் அலுமாரிக்குள் இருக்கின்றன. எல்லாம் கமலாதேவியின் வியர்வை. இப்போது அதே பிள்ளைகள் மைதானத்து ஓரங்களில் பூனை நடை நடக்கிறார்கள். ஒருவன் பார்க்கிறான், ஒருத்தி எண்ணுகிறாள், ஒருவன் போனை நீட்டிக்கொண்டு பின்னால் போகிறான். பூச்சி ஒன்று பறந்தால் "உஸ்" என்று எல்லோரும் மூச்சை அடக்குகிறார்கள். கமலாதேவியின் வகுப்பில் ஒருநாளும் இப்படி மூச்சை அடக்கியவர்கள் இல்லை. தோட்டத்தில் கத்தரி வாடிக்கொண்டு நின்றது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கத்தரிக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். தாங்கமுடியாதது வேறொன்று. அந்தப் பூனை நடைக்காரர்களுக்கு முன்னால் போவது நிலாந்தி. கமலாதேவியின் ஒரே மகள்.

நிலாந்தியின் அப்பாவுக்கு மாத்தறையில் கடை. தமையனோடு சேர்ந்து நடத்துகிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார், போவார். மற்றபடி வீட்டில் தாயும் மகளும் நாலு ஆடும்தான். மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுடைய கதை கேட்ட காது கமலாதேவியின் காது. பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் "ரீச்சர்" என்று கூப்பிடவேண்டும் என்பது கமலாதேவி போட்ட சட்டம். படலையைத் தாண்டி உள்ளே வந்தால் "அம்மா, அம்மா" என்று ஓயாத வாய். இப்போதும் ஓயவில்லை. ஆனால் வாய் நிறைய வேறு ஆள்.

"அம்மா, ரீச்சர் சொன்னவா, வண்ணத்துப்பூச்சி காலாலைதானாம் ருசி பாக்கிறது."

"புட்டு ஆறுது. சாப்பிடு."

"இலையிலை வந்து இருந்து, காலாலை தட்டிப் பாத்துத்தான் முட்டை போடுமாம். பிழையான இலையெண்டால் போடாதாம். சிலதுகள் ஒரு செடியைத் தவிர வேறை ஒண்டும் தின்னாதாம். செத்தாலும் தின்னாதாம்."

"உது எங்களுக்கும் தெரியும். போன வருசம் நான் படிப்பிச்சதுதானே."

"நீங்கள் பயிருக்குப் பீடை எண்டெல்லோ படிப்பிச்சனீங்கள்" என்று சொல்லிச் சிரித்தாள் மகள். வேண்டுமென்று குத்தவில்லை, பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தாள். கமலாதேவி மிச்சப் புட்டை மூடி வைத்தார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மகள் மணிக்கூட்டை வலது கையில் கட்டத் தொடங்கியிருந்தாள். துஷாந்தினி அப்படித்தான் கட்டுவாள். எதைச் சொன்னாலும் "அப்பிடியோ?" என்று தலையைச் சரித்துக் கேட்டாள், அதுவும் அவளுடைய சரிப்புத்தான். துஷாந்தினியின் பிறந்தநாளன்று விடிய எழும்பி, முற்றத்து ரோசாவில் விரிந்திருந்த அத்தனை பூவையும் வெட்டிக்கொண்டு போனாள். அந்த ரோசாவுக்கு உவர்த் தண்ணீர் ஒத்துவராது என்று, குடிக்க வாங்கும் பவுசர் வண்டித் தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றி வளர்த்தவர் கமலாதேவி. தன்னுடைய பிறந்தநாளுக்கு மகள் ஒரு பூ வெட்டித் தந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. தன் முற்றத்துப் பூ அந்தப் பெண்ணின் மேசையில் போத்தலுக்குள் நிற்பதை அவர் அன்று முழுக்கப் போகும்போதும் வரும்போதும் பார்த்தார்.

இரவு மாத்தறைக்குப் போன் எடுத்து வயிற்றெரிச்சலைக் கொட்டினார். மனிதன் ஆறுதலாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளை சந்தோசமா இருக்கிறாள். உமக்கென்ன கோதாரி?" என்றார். கமலாதேவி போனை வைத்துவிட்டார். ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் விளங்காது.

மாசி மாதம் பிறந்தபோது, பிள்ளைகளின் கணக்கில் ஒரு புதிர் விழுந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் மைதானத்தில் ஒரு பெரிய கறுப்புப் பூச்சி வரத் தொடங்கியிருந்தது. கீழ்ச் சிறகில் சிவப்புப் பொட்டுகள். உடம்பு குங்குமத்தில் தோய்த்து எடுத்தமாதிரி. பிள்ளைகள் அதற்குச் "சிவப்புச் சட்டைக்காரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்காரர்களே துஷாந்தினிக்குப் போன் எடுத்தார்களாம். இந்தப் பூச்சி உங்கள் வளவுக்குள் சும்மா வந்து போகிறதா, அல்லது அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறதா? புழுவைக் கண்டுபிடித்துப் படமெடுத்தால் தீவுப் பக்கத்திலிருந்து வந்த நல்ல பதிவாக இருக்கும் என்றார்களாம். அன்றிலிருந்து நிலாந்திக்குத் தூக்கமில்லை.

"அம்மா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்று குசினி வாசலில் வந்து நின்றாள். "அந்தச் சிவப்புச் சட்டைக்காரியின்ரை புழு ஒரேயொரு சாதிச் செடிதான் தின்னுமாம். ரீச்சர் புத்தகத்திலை படம் காட்டினவா. கொடியாம், வேலியிலை ஏறுமாம். நாங்கள் வேலி முழுக்கப் பாத்திட்டம், இல்லை. இலை இப்பிடி இருதயம் மாதிரி இருக்குமாம். சரியான கைப்பாம். பூ, குழல் மாதிரி, மண்ணிறமாம். அப்பிடி ஒரு செடி எங்கடை ஊரிலை நிக்குதோ, அம்மா?"

கமலாதேவிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆடுதின்னாப்பாளை! அதன் சாதியில் கொடியும் உண்டு, நிலத்தோடு படர்வதும் உண்டு. இவர்கள் வேலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். செடி காலடியில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று உடைந்து கிடக்கிறது. அதைச் சுற்றிப் பாய் விரித்தமாதிரி நிற்பது அந்தச் செடிதான். வேலி ஓட்டைக்குள்ளால் வரும் ஊர் ஆடெல்லாம் சுற்றியுள்ள பச்சையை மொட்டையடித்துவிட்டு, அதை மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போகும். அவ்வளவு ஏன், கமலாதேவியின் சொந்த வீட்டுக் கோடிப்புறத்தில், ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், ஒரு பாத்தியளவு நிற்கிறது. மாரி கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் அதில் கறுப்பும் சிவப்புமாக முள்ளு முள்ளாய்ப் புழுக்கள் ஊருவதை அவர் வருடா வருடம் பார்க்கிறார்.

சொல்லியிருக்கலாம். வாய் திறந்துமாயிற்று. அப்போது பார்த்து நிலாந்தி, "கண்டுபிடிச்சால் ரீச்சர் துள்ளுவா, அம்மா! அவவுக்குத்தான் முதல் ஓடிப்போய்ச் சொல்லோணும்" என்றாள். அந்தக் கண்களில் இருந்த பளபளப்பைக் கமலாதேவி பார்த்தார். சொன்னால் என்ன நடக்கும்? இவள் இப்போதே போனை எடுப்பாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் துஷாந்தினி ரீச்சர், துஷாந்தினி ரீச்சர். செடியும் அவளுடையது, பூச்சியும் அவளுடையது, பெற்ற பிள்ளையும் அவளுடையது.

"தெரியாது" என்றார் கமலாதேவி.

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ, அம்மா."

"அப்பிடியொரு செடி நான் காணேல்லை, பிள்ளை. போய்ப் படி."

மகள் "சரி அம்மா" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றித் தாயிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ரீச்சர் சொன்னால் ஆயிரம் தரம் கேட்பாள், நான் ஒருதரம் சொன்னால் அதோடு முடிந்தது என்று கமலாதேவி அதையும் ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டார். பொய் சொன்னவருக்கே கோபமும் வந்தது என்றால் பாருங்கள்.

சில வாரங்களில் அடுத்த செய்தி வந்தது. எண்ணுகிற பிள்ளைகளைப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார்கள். கல்வி வலயத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதிபருக்குத் தலைகால் தெரியவில்லை. பெரிய ஆட்கள் வந்தால் நமது பள்ளிக்கூடங்களில் முதல் செய்வது என்ன? சிரமதானம். வியாழக்கிழமை காலைப் பிரார்த்தனையில் பரராசசிங்கம் சேர் ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கினார்.

"நாளைக்கு வாற ஆக்கள் பாத்து வாய் பிளக்கவேணும். பள்ளிக்கூடம் பளிங்கு மாதிரி இருக்கவேணும். ஒரு புல்லும் நிக்கக்கூடாது! கமலாதேவி ரீச்சர் பொறுப்பு."

வண்ணத்துப்பூச்சி பார்க்க வருகிறவர்களுக்காகப் பூச்சி இருக்கும் பற்றையை வெட்டுகிறோமே என்று ஒருவருக்கும் மூளையில் ஓடவில்லை. ஓடக்கூடிய ஒருத்தி அன்று பள்ளிக்கூடத்தில் இல்லை. கூட்டத்துக்கென்று வலயக் கந்தோருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனாலும் துஷாந்தினி முதல்நாளே மைதானத்து ஓரத்துப் பூச்செடிகளில் சிவப்பு ரிபன் துண்டு கட்டிவிட்டுப் போயிருந்தாள். கமலாதேவி எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "ரிபன் கட்டின இடத்திலை ஒருத்தரும் கை வைக்காதையுங்கோ. துஷாந்தினி ரீச்சர் வந்து ஏசுவா." நாளைக்கு யாரும் தன் மேல் ஒரு குறை சொல்ல ஏலாது. தண்ணீர்த் தொட்டியடியில் ரிபன் இல்லை. அங்கே கட்ட யாருக்குத் தெரியும்?

அப்புறம் இடம் பிரித்தார். ஆறாம் ஆண்டு முன்பக்கம், எட்டாம் ஆண்டு மலசலகூடப் பக்கம். பத்தாம் ஆண்டு எண்ணுகிற கூட்டம் என்று வந்தபோது அவருடைய வாய் தானாகவே சொன்னது: "நிலாந்தி, நிருபன், நீங்கள் ஆக்கள் பின்னாலை தொட்டியடி."

ஏன் அவர்களையே அனுப்பினார் என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு மூளை கிடையாது, கைதான் உண்டு.

கொஞ்ச நேரத்தால் போய்ப் பார்த்தார். பாதி இடம் மொட்டையாகிவிட்டது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு மண்வெட்டி போட்டார்கள். குனிந்து பார்க்கத் தேவையில்லை. நின்ற நிலையிலேயே தெரிந்தது, இலைகளின் ஓரம் அரித்திருந்தது. அடிப்பக்கத்தில் ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டும் இருந்தது. இரண்டே சொல் போதும்: "நிப்பாட்டு, பிள்ளை."

நிலாந்தி நிமிர்ந்தாள். கையில் வேரோடு ஒரு பிடி செடி. முகமெல்லாம் வியர்வையும் மண்ணும்.

"ரீச்சர், இதையும் பிடுங்கிறதோ? பச்சையா நிக்குது."

பள்ளிக்கூடம் என்றபடியால் ரீச்சர் என்றாள். தாய் போட்ட சட்டம். ஆனால் அந்த நேரம் கமலாதேவிக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்கவில்லை.

"எல்லாம் களைதான். பிடுங்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பின்னேரம் மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால்தான் துஷாந்தினி வந்து இறங்கினாள். அதே நேரம், குவித்துக் கிடந்த குப்பைக்கு நெருப்பு வைக்கப் போன நிருபன் நெருப்புப்பெட்டியும் கையுமாகக் கத்தினான். "ரீச்சர்! ஓடியாங்கோ! புழு! முள்ளுப் புழு!"

எல்லோரும் ஓடினார்கள். வாடிச் சுருண்ட குவியலுக்குள்ளிருந்து கறுப்பும் சிவப்புமாகப் புழுக்கள் மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்துகொண்டிருந்தன. சில மண்வெட்டியில் அகப்பட்டு நசிந்து போயிருந்தன. துஷாந்தினி முழந்தாளில் இருந்து ஒரு இலையை எடுத்துப் பார்த்தாள். போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி இலையைப் பார்த்தாள். யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கமலாதேவிக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

"இதுதான்" என்றாள். "நான் கொடியைக் காட்டி உங்களையும் வேலி வேலியா அலைய வைச்சிட்டன். நிலத்திலை படர்றதும் இருக்குதெண்டு நான் யோசிக்கேல்லை. என்ரை பிழை."

"இல்லை ரீச்சர், நான்தான் பிடுங்கினனான்" என்று நிலாந்தி தன் கைகளை நீட்டிக் காட்டினாள். நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது. "என்ரை கையாலை பிடுங்கினனான்." அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுகை வெடித்தது. துஷாந்தினி எழுந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

கமலாதேவி நாலடி தள்ளி நின்றார். தன் பிள்ளை இன்னொருத்தியின் தோளில் முகத்தைப் புதைத்து விம்முகிறாள். மகள் சின்ன வயதில் விழுந்தாலும் அடிபட்டாலும் தேடி ஓடிவந்த தோள் இங்கே சும்மா நிற்கிறது. வயிறு எரிந்தது; ஆனால் அந்த எரிச்சலுக்கு இந்தமுறை யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை. பிடுங்கச் சொன்ன வாய் தன் முகத்தில்தான் இருந்தது.

பிள்ளைகள் ஐஸ்கிறீம் பெட்டிகளைக் கழுவிக்கொண்டு வந்து, தப்பிய புழுக்களை எடுத்து அதற்குள் விட்டார்கள். குவியலில் கொஞ்சம் ஈரம் இருந்த இலைகளைத் தேடிப் போட்டார்கள். எரிகிற வெயிலில் காலையிலிருந்து கிடந்த செடி. இலை முறுகிப் போயிருந்தது. நிருபன் எருக்கலை இலை பிடுங்கிக்கொண்டு வந்தான். நிலாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாயின் தோட்டத்துத் தேசிக் கன்றிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி ஒரு புழுவின் முன்னால் பிடித்தாள். புழு தலையைத் தூக்கியது, தொட்டது, மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் இலையைத் திருப்பிப் பிடித்தாள். அது மறுபடி திரும்பியது.

"தின்னு" என்றாள் அவள் மெல்ல. "தின்னன்."

துஷாந்தினி கமலாதேவியிடம் வந்தாள். "அக்கா, இந்தச் செடி வேறை எங்கையாவது நிக்குமோ? விடியுறதுக்குள்ளை பச்சை இலை கிடைக்காட்டி இதுகள் தப்பாது. உங்களுக்குத்தானே ஊர் முழுக்கத் தெரியும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு 'தெரியாது' சொன்னால் எல்லாம் முடிந்தது. புழு செத்துவிடும், செடியைப் பற்றிய கதையும் செத்துவிடும், பொய்யும் அதோடு புதைந்துவிடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. சொன்னால்? எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி வரும். கமலாதேவி மகளைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. தேசி இலையைப் பிடித்தபடி பெட்டிக்குள் குனிந்திருந்தாள்.

"நில்லும். நான் ஒருக்காப் பாத்துக்கொண்டு வாறன்" என்று துஷாந்தினியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தார்.

வீட்டுப் படலையைத் திறந்து நேரே கோடிப்புறம் போனார். உடுப்பு மாற்றவில்லை, செருப்பும் கழற்றவில்லை. ஆடுகள் தீனி என்று நினைத்துக் கத்தின. கொட்டிலுக்குப் பின்னால் செடி கொழுகொழுவென்று கிடந்தது. சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி அதற்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்தாள். கமலாதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொஞ்சத்தை இலையாக வெட்டினார். இன்னும் கொஞ்சத்தைத் திரும்ப நடலாமென்று வேரும் மண்ணுமாகக் கிண்டினார். உர பாக்கில் போட்டு, கைக்கு அகப்பட்ட நீல நைலோன் கயிற்றால் வாயைக் கட்டினார்.

பள்ளிக்கூடத்தில் பாக்கை இறக்கியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அதிபர் வெளியே வந்து பார்த்தார். "கமலாதேவி ரீச்சர்! கமலாதேவி ரீச்சர்!" என்று குதித்தார்கள். இலையைப் போட்டதும் புழுக்கள் ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கின. துஷாந்தினி மண் படிந்த அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்?" அவளுடைய கண் கலங்கியிருந்தது. நல்ல பிள்ளை. சும்மா நல்ல பிள்ளை. இத்தனை நாளாகக் கேட்க ஆசைப்பட்ட புகழ் இது. இப்போது ஆடுதின்னாப்பாளையைக் கடித்தமாதிரிக் கைத்தது.

நிலாந்தி குதிக்கவில்லை. பாக்கைக் கட்டியிருந்த நீலக் கயிற்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக் கொட்டில் கதவுக்குப் போன கிழமை அவளே கட்டிய கயிறு. முனையில் அவள் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது. தாயை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டித் தன் பையின் அடியில் வைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து இலை பிரிக்கத் தொடங்கினாள். ஒரு பெட்டிப் புழுவை இரவு பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டு, தாயின் பின்னால் ஸ்கூட்டியில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் கமலாதேவி தேத்தண்ணீர் போட்டுக் கூப்பிட்டார். மகளைக் காணவில்லை. கோடிப்புறம் போய்ப் பார்த்தார். நிலாந்தி வெட்டிய அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பெட்டி பக்கத்தில் இருந்தது.

"இது எவ்வளவு காலமா இஞ்சை நிக்குது, அம்மா?"

"கன காலம்."

"அண்டைக்கு நான் கேக்கேக்கையும் நிண்டது."

"ஓம்."

"இண்டைக்கு நான் பிடுங்கட்டோ எண்டு கேக்கேக்கையும் உங்களுக்குத் தெரியும்."

"ஓம், பிள்ளை." சொல்வதற்கு எத்தனையோ சாட்டு இருந்தது. அதிபர் சொன்னார், ரிபன் கட்டவில்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை. "எனக்குப் பொறாமை" என்றார் கமலாதேவி. "உன்ரை ரீச்சரிலை. நீ எந்த நேரமும் அவவின்ரை கதைதான் கதைக்கிறாய். என்னோடை இருக்கேக்கையும் நீ அங்கைதான் நிக்கிறாய். எனக்கு அது ஏலாமல் போச்சு."

நிலாந்தி அழுவாள் என்று நினைத்தார். கத்துவாள் என்று நினைத்தார். அவள் அடிக்கட்டையிலிருந்து ஒரு இலையை எடுத்து விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் தெரியாது எண்டு சொன்னதுக்கு அடுத்த நாள், ரீச்சர் அனலைதீவிலை ஒரு மூலிகை வைத்தியர் இருக்கிறார், அவரிட்டைப் படத்தை அனுப்பிக் கேப்பம் எண்டவா. நான்தான் தேவையில்லை எண்டு சொன்னனான்."

"ஏன் பிள்ளை?"

"எங்கடை அம்மாவுக்குத் தெரியாத செடி இந்தத் தீவிலை இல்லை, அவ காணேல்லை எண்டால் அது இஞ்சை இல்லவே இல்லை எண்டு சொன்னனான். வகுப்பிலை, எல்லாருக்கும் முன்னாலை. ரீச்சரும் ஓம் எண்டவா. அதோடை நாங்கள் தேடுறதை விட்டிட்டம்."

கமலாதேவி அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். கொட்டிலுக்குள் ஆடு ஒன்று செருமியது. அவர் கையை நீட்டி, மிச்சமிருந்த செடியிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளப் போனார்.

நிலாந்தி பெட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் விடுங்கோ, அம்மா" என்றாள். "இலையை நான் ஆயிறன்."